போர் விமானமும் வானத்துக் கடிகாரமும்

1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் தேதி, மாஸ்கோ நகரத்து நீதிமன்றத்தில் பிரான்ஸிஸ் காரி பவர்ஸ் என்னும் அமெரிக்க விமானிக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. இருபது கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கவல்ல யூ-2 என்ற உளவு விமானத்தில் ஏறிச் சோவியத் தேசத்தின் மேலே பறந்து படம் பிடித்தார் என்பதே அவர் மீது சாட்டப்பட்ட குற்றம். அந்த உயரத்தை எந்த பீரங்கியும் எட்டாது, எந்தச் சண்டை விமானமும் தொடாது என்று நம்பி அவரை அனுப்பியவர்களின் நம்பிக்கையை மே மாதம் முதல் தேதியன்று ஒரு சோவியத் ஏவுகணை பொய்யாக்கியிருந்தது. தீர்ப்பு வாசிக்கப்பட்ட அதே தினத்தில், பசிபிக் சமுத்திரத்தின் மேல், ஹவாய்த் தீவுகளுக்குத் தென்மேற்கே, காப்டன் ஹாரல்ட் மிட்செல் என்ற வேறோர் அமெரிக்க விமானி, பழைய சரக்கு விமானம் ஒன்றின் பின்புறத்தைத் திறந்து வைத்து, நீண்ட கழிகளுக்கிடையே கயிறும் கொக்கிகளும் தொங்கவிட்டுக்கொண்டு, வானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு கலத்தைப் பிடிப்பதற்காக வட்டமிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை தவறிப்போயிற்று. மூன்றாம் முறை, எட்டாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், கொக்கி பாராசூட்டின் துணியில் மாட்டியது. விமானத்துக்குள் இழுத்துப் போடப்பட்ட அந்தக் கலத்தினுள்ளே ஏறத்தாழ ஒன்பது கிலோ எடையுள்ள பிலிம் சுருள் இருந்தது.

முந்திய நாள் கலிபோர்னியாக் கரையிலிருந்து ஏவப்பட்ட டிஸ்கவரர்-14 என்ற செயற்கைக்கோள் பிடித்த படங்கள் அவை. நான்கு ஆண்டுகளாக யூ-2 விமானங்கள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த படங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தாலும் கிட்டாத அவ்வளவு நிலப்பரப்பு, ஒரே நாளில் சுற்றி வந்த அந்த ஒரு சுருளில் பதிந்திருந்தது. விஞ்ஞான ஆராய்ச்சி என்று ஊராருக்குச் சொல்லி நடத்தப்பட்ட இந்தக் காரியத்தின் உண்மை வரலாறு 1995-ஆம் ஆண்டில்தான் வெளியிடப்பட்டது.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படாமற் போகாது. பவர்ஸ் செய்ததும் டிஸ்கவரர் செய்ததும் ஒரே செயல்தான். அந்நியன் வீட்டு முற்றத்தை மேலேயிருந்து எட்டிப் பார்த்ததுதான். ஆயினும் ஒன்றுக்குச் சிறை, மற்றொன்றுக்குப் பேச்சு மூச்சில்லை. தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயம் முழுவதும் அந்தந்த தேசத்துக்கே உரியது என்று 1944-இல் சிக்காகோவில் கூடிய நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. ஆனால் 1957-இல் ஸ்புட்னிக் எல்லாத் தேசங்களின் தலைக்கு மேலும் வலம் வந்தபோது எந்த அரசும் ஆட்சேபிக்கவில்லையாதலால், விண்வெளி எவருக்கும் சொந்தமன்று, எல்லோருக்கும் பொது என்ற கொள்கை எழுதப்படாமலே நிலைபெற்று, பத்தாண்டுகள் கழித்து 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையில் எழுத்தாகவும் ஏறியது. ஆகாயம் எங்கே முடிந்து விண்வெளி எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை உலகத்தார் ஒருமித்து விடை சொல்லவில்லை. நூறு கிலோமீட்டர் என்பார் பலர். எண்பது கிலோமீட்டரைக் கடந்தவனுக்கே அமெரிக்கா விண்வெளி வீரனுக்குரிய சின்னத்தை வழங்கிவிடுகிறது. விமானம் பறக்க முடியாத அளவுக்குக் காற்று மெலிந்தும், செயற்கைக்கோள் சுற்ற முடியாத அளவுக்குத் தடித்தும் இருக்கிற இடைப்பட்ட பிரதேசமோ, நெடுங்காலம் யாரும் கவனியாத புறம்போக்காகவே கிடந்தது. அதன் கீழ் விளிம்பில் மிதந்து வந்த சீன பலூன் ஒன்றை 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சண்டை விமானம் ஏவுகணையால் சுட்டுக் கடலில் வீழ்த்திய பிறகுதான், அந்தப் புறம்போக்குக்கும் பட்டா வேண்டும் என்ற எண்ணம் பல தலைநகரங்களில் உதித்திருக்கிறது.

ஆகாயப் படையும் விண்வெளியும் ஒன்றுசேரப் போகின்றன என்று அந்தக் காலத்தில் பேசியவர்கள் மனத்தில் கண்ட காட்சி வேறு. விமானம் மேலும் மேலும் உயரப் பறந்து, ஒருநாள் காற்று மண்டலத்தையே விட்டு வெளியேறி, பூமியை வலம் வந்து, நினைத்த இடத்தில் குண்டு போட்டுவிட்டு, ஓடுபாதையில் வந்து இறங்கும் என்று அவர்கள் கனாக் கண்டார்கள். பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றின் இறக்கைக்கடியில் தொங்கிச் சென்று, நடுவானில் விடுபட்டு, ராக்கெட் வேகத்தில் மேலே பாய்ந்த எக்ஸ்-15 விமானம், 1959 முதல் 1968 வரை 199 முறை பறந்து, அந்தக் கனவுக்கு உயிரூட்டியது; அதில் ஏறியவர்களில் சிலர் விண்வெளியின் வாசலையும் தொட்டுத் திரும்பினார்கள். அதற்கு அடுத்த படியாக அமெரிக்க ஆகாயப் படை வகுத்த டைனா-ஸோர் என்ற இறக்கையுள்ள விண்கலமோ ஒரு தடவை கூடப் பறக்காமல், 1963 டிசம்பரில் பாதுகாப்பு மந்திரி மக்னமாராவின் கையெழுத்தால் மடிந்தது. மனிதனை ஏற்றிக்கொண்டு அந்தரத்தில் சஞ்சரிக்கும் போர் விமானம் அதன் பிறகு எந்த தேசத்திலும் தோன்றவில்லை. இன்று மனிதனில்லாமல் சுற்றிவரும் எக்ஸ்-37பி என்ற அமெரிக்கக் குறுவிமானம், ஒரு பயணத்தில் 908 நாட்கள் தொடர்ந்து விண்ணில் தங்கியிருந்ததும், பிறிதொரு பயணத்தில் காற்று மண்டலத்தின் மேல்விளிம்பை உரசி உரசித் தன் வேகத்தைக் குறைத்து 2025 மார்ச்சில் தரையிறங்கியதும் வியப்புக்குரியவையே. எனினும் அது என்ன காரியமாக அங்கே போய்வருகிறது என்பதை அதன் சொந்தக்காரர்கள் அளவோடுதான் சொல்கிறார்கள்.

உண்மையான சேர்க்கை இப்படிப் பகட்டாக நிகழவில்லை. இறக்கைகள் மேலே போகவில்லை. மேலேயிருந்து ஒரு மெல்லிய ரேடியோ அலை கீழே வந்தது.

அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் வியட்நாமிலிருந்து தொடங்க வேண்டும். வட வியட்நாமில் தான் ஹோவா என்ற இடத்திலே ஓர் இரும்புப் பாலம் இருந்தது. 1965 முதல் அதை உடைப்பதற்காக அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கான முறை படையெடுத்தும், பல விமானங்களும் விமானிகளும் அழிந்தும், பாலம் அசையாமல் நின்றது. 1972-ஆம் ஆண்டு மே மாதம், லேசர் ஒளியின் வழியே வந்து விழும் குண்டுகளைக் கொண்டு வந்த பின்னர்தான் அது வீழ்ந்தது. குண்டின் கனத்தைவிடக் குறியின் நுட்பமே பெரிது என்ற பாடத்தை அந்தப் போரில் கற்றுக்கொண்ட அதிகாரிகளில் ஒருவர் கர்னல் பிராட்போர்டு பார்க்கின்ஸன். தென்கிழக்கு ஆசியாவின் மேல் பீரங்கி பூட்டிய விமானங்களில் தாமே பறந்து போரிட்டவர். 1973-இல், விடுமுறை நாட்களில் ஆளரவமற்றுக் கிடந்த பென்டகன் கட்டடத்திற்குள் ஒரு சிறு குழுவை உட்கார வைத்து, செயற்கைக்கோள்களின் துணையால் பூமியில் எவரும் தாம் நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு அவர் திட்டம் வகுத்தார். ஒரே குழியில் ஐந்து குண்டுகளைப் போட வேண்டும், அதற்கான கருவி மலிவாகவும் இருக்க வேண்டும் என்பதே அந்தக் குழு தனக்கு விதித்துக்கொண்ட லட்சியம். இன்று நம் ஊரில் வாடகைக் கார் ஓட்டுநர் கைப்பேசியைப் பார்த்துச் சந்து திரும்புகிறாரே, அந்த ஜி.பி.எஸ். பிறந்தது குண்டுக்குழியில்தான் என்பதை நினைத்தால் சற்றுத் திகைப்பாகவே இருக்கிறது.

அதன் முதல் கோள் 1978-இல் ஏவப்பட்டது. 1983 செப்டம்பரில் வழிதவறிச் சோவியத் எல்லைக்குள் புகுந்த கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்ட கொடுமைக்குப் பின், ஏற்பாடு பூர்த்தியானதும் அதன் பயனை உலகத்தார் அனைவருக்கும் இலவசமாக அளிப்போம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது.

இதன் சூட்சுமம் சாமானியமானது; அதே சமயம் மிகவும் பிரமிக்கத்தக்கது. பூமிக்கு மேலே ஏறத்தாழ இருபதாயிரத்து இருநூறு கிலோமீட்டர் தூரத்தில் சுற்றிவரும் இக்கோள்கள் நமக்கு வழி காட்டுவதே இல்லை. மணி சொல்கின்றன, அவ்வளவுதான். இப்போது இன்ன நேரம், நான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று ஒவ்வொன்றும் ஓயாமல் ஒலிபரப்புகிறது. அந்த அலை நம் கருவியை வந்து சேர்வதற்கு எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கொண்டு தூரத்தையும், நான்கு கோள்களின் தூரத்தைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தையும் கருவி கணக்கிட்டுவிடுகிறது. இடத்தை அறிய மூன்று கோள்கள் போதாவோ என்று கேட்கலாம். நம் கையிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்திக்கொள்ளவே நான்காவது தேவைப்படுகிறது. ஒளிக்கு நிகரான வேகத்தில் வரும் அலையாதலால், ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் முந்நூறு மீட்டர் தள்ளிப்போய்விடும். ஆதலால் கோள்களில் இருப்பவை அணுக்களின் துடிப்பைக் கொண்டு ஓடும் கடிகாரங்கள். அவற்றிலும் ஒரு சங்கடம் உண்டு. பூமியின் ஈர்ப்பு குறைந்த உயரத்தில் காலம் சற்றே வேகமாக ஓடும் என்றும், விரைந்து செல்லும் பொருளில் சற்றே மெதுவாக ஓடும் என்றும் ஐன்ஸ்டைன் வகுத்த கணக்கின்படி, இவ்விரண்டையும் கூட்டிக் கழித்து, நாளொன்றுக்கு முப்பத்தெட்டு மைக்ரோ விநாடி அக்கடிகாரங்கள் முந்துகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் பதினொரு கிலோமீட்டர் பிழை சேர்ந்துவிடும். பேரண்டத்தின் தத்துவத்தைத் தேடிச் சென்ற ஒரு சாந்தசீலரின் சூத்திரம் குண்டுகளுக்குக் குறி பார்க்க உதவும்படி ஆயிற்று.

1991-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி விடிவதற்கு முன், வளைகுடா யுத்தத்தின் தொடக்கத்தில், ஈராக்கின் மேற்குப் பகுதியில் இருந்த இரண்டு ரேடார் நிலையங்களை நோக்கி அமெரிக்க ஹெலிகாப்டர்கள் விளக்கணைத்துத் தாழப் பறந்து சென்றன. தாக்குவதற்குரிய ஹெலிகாப்டர்களுக்கு அடையாளமற்ற மணற்பரப்பில் வழி காட்டுவதற்கென்றே, ஜி.பி.எஸ். கருவி பொருத்திய வேறு ஹெலிகாப்டர்கள் முன்னே போயின. அந்த ரேடார் நிலையங்கள் இரண்டும் தகர்ந்த இடைவெளியின் வழியாகத்தான் விமானங்களின் வெள்ளம் உள்ளே புகுந்தது. அதே நேரத்தில், லூயிஸியானாவில் தம் சொந்த ஊர்த் தளத்திலிருந்து புறப்பட்ட ஏழு பி-52 விமானங்கள், பாதி உலகத்தைக் கடந்து வந்து, விண்ணின் அலையைப் பின்பற்றிச் செல்லும் 35 ஏவுகணைகளை விட்டுவிட்டு, முப்பத்தைந்து மணி நேரம் தொடர்ந்து பறந்து வீடு திரும்பின. இவ்வளவும் நடந்தபோது ஜி.பி.எஸ். கோள்களின் வரிசை முழுமை பெறவே இல்லை. படைக்குப் போதுமான கருவிகளும் இல்லாமையால் கடைச்சரக்கான கருவிகளை வாங்கிக் கொடுத்தார்கள். பகைவருக்குப் பயன்படாதிருக்கும்படி பொதுமக்களுக்கான அலையில் தாங்களே வேண்டுமென்று கலந்து வைத்திருந்த பிழையைத் தங்கள் சிப்பாய்களுக்காகத் தாங்களே நீக்கவும் நேர்ந்தது.

அந்த யுத்தத்தில் விண்வெளி செய்த இரண்டாவது உபகாரம் எச்சரிக்கை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நின்ற அமெரிக்கக் கோள்கள், ஈராக்கிய ஸ்கட் ஏவுகணை கிளம்பும்போது எழும் தீயின் வெப்பத்தைக் கண்டுபிடித்து, தரையிலுள்ளவர்களுக்குச் சில நிமிஷங்கள் முன்னதாகச் செய்தி அனுப்பின. ஆனால் கண் நன்றாயிருந்தும் கை தவறலாம் என்பதற்கு அந்த யுத்தத்திலேயே ஒரு கோரமான உதாரணம் உண்டு. பிப்ரவரி 25-ஆம் தேதி இரவு, சவூதி அரேபியாவில் தாஹ்ரான் நகரத்திலிருந்த படைவீடு ஒன்றின் மேல் ஸ்கட் விழுந்து இருபத்தெட்டு அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணிப்பொறி ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கைத் தன் இரும எண்களில் சரியாக எழுத முடியாமல், ஒவ்வொரு முறையும் நூலிழையளவு வெட்டி வெட்டி விட்டதில், நூறு மணி நேரத்தில் மூன்றில் ஒரு விநாடி அளவுக்குக் கடிகாரம் பிசகியிருந்தது. அந்தச் சிறு பொழுதில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். வரும் ஏவுகணையை வானத்தில் தவறான இடத்தில் தேடிய ரேடார் எதையும் காணவில்லை. பேட்ரியட் சுடவே இல்லை. பிழையைத் திருத்திய கட்டளைத் தொகுப்பு மறுநாள் வந்து சேர்ந்தது.

நுட்பம் என்பது வேறு, மெய் என்பது வேறு. 1999 மே மாதம் 7-ஆம் தேதி இரவு, மிஸௌரியிலிருந்து கிளம்பிய பி-2 விமானம் ஒன்று பெல்கிரேடு நகரத்தின் மீது ஐந்து குண்டுகளைப் போட்டது. சாதாரணக் குண்டின் வாலில் ஜி.பி.எஸ். கருவியும் அசையும் சிறகுகளும் பூட்டிய புதிய வகைக் குண்டுகள் அவை; கொடுத்த இடத்தில் சிறிதும் பிசகாமல் விழுந்தன. கொடுத்த இடந்தான் பிசகு. யுகோஸ்லாவிய ஆயுதக் கொள்முதல் அலுவலகம் என்று அமெரிக்க உளவுத்துறை குறித்துக் கொடுத்த கட்டடம் சீனத் தூதரகம். மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் மாண்டார்கள். பழங்காலத்துக் குண்டாயிருந்தால் ஒருவேளை குறி தவறி வீதியில் விழுந்திருக்கும். நான் இதைப் பரிகாசமாகச் சொல்லவில்லை. மேலிருந்து பார்ப்பவனுக்குக் கூரை தெரியும். கூரைக்குக் கீழே குடியிருப்பவன் யார் என்பதைக் கோள்கள் இன்னும் சொல்லக் கற்கவில்லை.

மற்றொரு புறம், 2020 ஜனவரி 8-ஆம் தேதி, ஈரான் தன் படைத்தலைவர் சுலைமானியை அமெரிக்கா கொன்றதற்குப் பழியாக ஈராக்கிலுள்ள அமெரிக்கத் தளங்கள் மீது ஏவுகணைகளை வீசியபோது, அல் அஸாத் தளத்தில் ஓர் உயிர் கூடப் போகவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மூளை அதிர்ச்சிக்கு ஆளானதோடு சரி. கொலராடோ மாநிலத்தில், உலகத்தின் மறுபக்கத்தில், திரைகளுக்கு முன் உட்கார்ந்திருந்த சிலர் விண்ணிலிருந்து ஏவுகணைகளின் தீயைக் கண்டு தந்த எச்சரிக்கையும் பதுங்குகுழிகளும் சேர்ந்து செய்த ரக்ஷணை அது. யுத்தம் மூண்டுவிடும் என்று உலகமே அஞ்சிய அந்த இரவில், அத்தளத்தில் பிணங்கள் விழாததனாலேயே இரு தரப்பாரும் பின்வாங்க இடமிருந்தது. விண்வெளியின் இராணுவப் பயன் என்றாலே அழிவு என்று கருதுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படியாக, இன்று ஒரு வல்லரசின் போர் விமானம் என்பது தனியான ஓர் ஆயுதமன்று. அது போகும் வழி, போடும் குண்டின் குறி, தலைமையகத்தோடு பேசும் பேச்சு, முன்கூட்டிப் பார்க்கும் படம், நாளைய மேகம், பகைவனின் ஏவுகணை பற்றிய எச்சரிக்கை ஆகிய ஒவ்வொன்றும் விண்ணிலிருந்து இறங்குகிறது. ஆளில்லாத விமானத்துக்கோ இந்தச் சார்பு பின்னும் அதிகம். அதை ஓட்டுகிறவன் ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் ஓர் அறையில் இருக்கிறான், அவனையும் விமானத்தையும் பிணைப்பது ஒரு செயற்கைக்கோள். இந்தப் பிணைப்பே ஆகாயப் படையின் புதிய பலம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதன் புதிய பலவீனமும் அதுவே என்பதை அவ்வளவு உரக்க எவரும் சொல்வதில்லை.

ஏனென்றால் இருபதாயிரம் கிலோமீட்டர் கடந்து நம்மை அடையும் ஜி.பி.எஸ். அலையின் வலிமை, திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருக்கையில் ஒருவர் நம் காதோடு சொல்லும் ரகசியத்துக்குத்தான் ஈடாகும். அருகிலிருந்து யாராவது அதே அலைவரிசையில் இரைந்தால் போதும், ரகசியம் காதில் விழாது. உக்ரேனில் ருஷ்யர்கள் செய்துவருவது அதுதான். பல்லாயிரம் டாலர் விலையுள்ள நுட்பமான அமெரிக்கக் குண்டுகள், சில கிலோமீட்டர் அப்பாலுள்ள ஒரு லாரியின் மேலிருந்து எழும் இரைச்சலில் குறி மறந்து வயலில் விழுந்தன. இரைச்சல் மட்டுமன்று, பொய்யும் சொல்லலாம். போலியான மணியை ஒலிபரப்பி, கருவி தான் வேறெங்கோ இருப்பதாக நம்பும்படி செய்யலாம். இந்தக் கலை போர்க்களத்தோடு நிற்பதில்லை. எஸ்டோனியாவில் தார்த்து நகரத்துக்குப் போகும் தன் விமானங்களைப் பின்லாந்து நாட்டு விமானக் கம்பெனி 2024-இல் ஒரு மாத காலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது, இப்படிப்பட்ட குறுக்கீட்டினாலேயே. 2025 நவம்பரில் நம் தில்லி விமான நிலையத்தை நெருங்கிய விமானங்களுக்கும் பொய்யான இடக்குறிப்புகள் வந்தன.

உக்ரேன் யுத்தம் வேறொன்றையும் காட்டியது. 2022 பிப்ரவரி 24-ஆம் தேதி, ருஷ்யப் படைகள் எல்லையைக் கடப்பதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு, உக்ரேன் இராணுவம் பயன்படுத்திவந்த ஒரு வர்த்தகச் செயற்கைக்கோளின் தரைக் கருவிகள் கணிப்பொறி வழியாகத் தாக்கப்பட்டுச் செயலிழந்தன. கோளை யாரும் தொடவில்லை. வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த மோடம் பெட்டிகளே ஆயிரக்கணக்கில் பாழாயின. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனி தேசத்தில் 5,800 காற்றாலைகள் தம் கட்டுப்பாட்டு நிலையத்தோடு தொடர்பற்றுப் போயின. பின்னர் உக்ரேனுக்குக் கைகொடுத்தவை ஈலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் கோள்கள். ஒரு தேசத்தின் படை தன் குரலுக்காக ஒரு தனவந்தரின் தயவை நாடி நிற்பது, எந்தப் பழைய போர்ச் சாஸ்திரத்திலும் எழுதப்படாத நிலைமை.

கோளையே சுட்டு வீழ்த்தும் வித்தையும் இருக்கிறது. பத்திரிகைகளில் அதற்குத்தான் மவுசு அதிகம். ஆகாயமும் விண்வெளியும் நேருக்கு நேர் சந்தித்த வேளை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1985 செப்டம்பர் 13-ஆம் தேதியைச் சொல்லலாம். அன்று மேஜர் பியர்ஸன் என்ற அமெரிக்க விமானி தன் எப்-15 சண்டை விமானத்தை ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்த்தி, அதன் வயிற்றிலிருந்து விடுத்த ஏவுகணை, 555 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த சொந்த நாட்டுக் கோள் ஒன்றைச் சிதறடித்தது. சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்த அந்தக் கோள் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது என்பதால் விஞ்ஞானிகள் மிக வருந்தினார்கள். 2007-இல் சீனா 860 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தன் பழைய வானிலைக் கோளை உடைத்தபோது, கண்டு கணக்கிடத்தக்க துண்டுகளே மூவாயிரத்துக்கு மேல் சிதறின. அந்த உயரத்துக் குப்பை பூமிக்கு இறங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். 2021 நவம்பரில் ருஷ்யா செய்த சோதனையின்போது சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், ருஷ்யர்கள் உள்பட, தப்பிச் செல்லும் கலங்களுக்குள் போய் ஒடுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் தேசம் இந்த வரிசையில் சேர்ந்தது 2019 மார்ச் 27-ஆம் தேதி. ஒடிஸா கடற்கரைக்கு அப்பால் அப்துல் கலாம் தீவிலிருந்து புறப்பட்ட ஏவுகணை, முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே சுற்றிவந்த மைக்ரோஸாட்-ஆர் என்ற நம் கோளை மூன்றே நிமிஷத்தில் நொறுக்கியது. தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்ததனால் பெரும்பாலான துண்டுகள் விரைவிலேயே காற்று மண்டலத்தில் எரிந்துபோயின. அந்த அளவுக்கு நம்மவர்கள் விவேகத்தோடு நடந்துகொண்டார்கள். இலக்கான அந்தக் கோளை ஜனவரி மாதத்தில் சுமந்து சென்ற அதே பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில், சென்னையைச் சேர்ந்த மாணவர் குழு செய்த கலாம்ஸாட் என்ற கைக்கடக்கமான கோளும் பிரயாணம் செய்தது என்பது பலருக்கு நினைவிராது. ஆயுதத்தின் இலக்கும் பிள்ளைகளின் விளையாட்டும் ஒரே வண்டியில் போகிற துறை இது.

இந்தத் துறையை ஆளுவதற்குரிய படை எது என்பதில் தேசங்கள் பலவிதமாக முடிவு செய்திருக்கின்றன. ருஷ்யா 2015-இல் ஆகாயப் படையையும் விண்வெளிப் பாதுகாப்புப் படையையும் ஒன்றாக இணைத்தது. பிரான்ஸ் 2020-இல் தன் ஆகாயப் படையின் பெயரோடு விண்வெளியைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவோ 2019 டிசம்பரில் விண்வெளிக்கென்று தனிப் படையே அமைத்தது. சீனா 2015-இல் ஒன்றாகக் கட்டியதை 2024-இல் மூன்றாகப் பிரித்தது. நம் நாட்டில் முப்படைகளுக்கும் பொதுவாகப் பாதுகாப்பு விண்வெளி முகமை 2019 முதல் பெங்களூரில் இயங்கிவருகிறது. ஆகாயமும் விண்வெளியும் பிரிக்கவொண்ணாதவை, ஆகவே தலைமை தனக்கே உரியது என்பது விமானப் படையின் எண்ணம். எந்தப் பலகையை எந்த வாசலில் மாட்டுவது என்ற இந்த வாதத்தில் எனக்கு அதிக ருசி இல்லை.

நம்முடைய சரித்திரத்தில் கவனிக்கத்தக்க வேற்றுமை வேறு. அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் போர் ஏவுகணை முதலில் பிறந்தது, விண்வெளி ராக்கெட் அதன் தம்பியாகப் பின்னர் வந்தது. இங்கே, 1963 நவம்பரில் தும்பாக் கடற்கரையில் விக்கிரம் சாராபாய் தொடங்கிவைத்த வேலை சமாதான காரியமாகவே தொடங்கியது. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டைச் செய்த குழுவின் தலைவராயிருந்த ராமேசுவரத்து அப்துல் கலாம் 1982-இல் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குப் போனார். அந்த ராக்கெட்டின் முதல் அடுக்கே 1989 மே மாதம் பறந்த அக்கினி ஏவுகணைக்கும் முதல் அடுக்காக அமைந்தது. ஆகவே இங்கே படைக்கும் விண்வெளிக்கும் நடந்த சம்பந்தம் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்த சம்பந்தம். விமானப் படையின் விமானங்களையும் ரேடார்களையும் ஆளில்லா விமானங்களையும் ஒன்றோடொன்று பேச வைப்பதற்கென்று ஜிஸாட்-7ஏ என்ற கோள் 2018 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. இறக்கையுள்ள நம் விண்கல மாதிரியான புஷ்பகத்தை, 2023 ஏப்ரல் 2-ஆம் தேதி, சித்திரதுர்க்கத்தின் அருகே விமானப் படையின் சினூக் ஹெலிகாப்டர்தான் நாலரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டது. விடப்பட்ட கலம் தானே ஓடுபாதையைத் தேடி இறங்கியது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்ந்த நால்வரும் விமானப் படையின் சோதனை விமானிகள். அவர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

2019 பிப்ரவரியில் பாகிஸ்தானிலுள்ள பாலாகோட்டின் மேல் நம் மிராஜ் விமானங்கள் குண்டு வீசின. குண்டு வீசிய அடுத்த வாரத்திலேயே, இருதரப்பு அரசுகளின் கூற்றுக்களையும் உலகத்துப் பத்திரிகைகள் தனியார் கம்பெனிகளின் செயற்கைக்கோள் படங்களைப் போட்டு எடை பார்க்கத் தொடங்கிவிட்டன. விமானப் படை தன் வெற்றியைத் தானே அறிவித்து அதுவே இறுதிச் சொல்லாக நின்ற காலம் முடிந்துபோயிற்று. பாகிஸ்தானோடு நடந்த 2025 மே மாதத்துச் சண்டையின்போது குறைந்தது பத்துக் கோள்கள் இரவும் பகலும் தேசப் பாதுகாப்புக்காக வேலை செய்கின்றன என்று, கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவரான இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் சொன்னார். ஏறத்தாழ 27,000 கோடி ரூபாய்ச் செலவில் மேலும் ஐம்பத்திரண்டு கண்காணிப்புக் கோள்களுக்கு 2024 அக்டோபரில் அரசு அனுமதியளித்திருக்கிறது. கண்கள் வந்துவிடும் போலிருக்கிறது.

கடிகாரந்தான் கவலைக்குரியது. கார்கில் யுத்தத்தின்போது அமெரிக்கா நமக்கு ஜி.பி.எஸ். உதவியை மறுத்தது என்ற கதை நம் நாட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்தக் கதையின் தயவு நமக்குத் தேவையே இல்லை. 1999-இல் உலகத்தார் எல்லோருக்குமே பொது அலை வேண்டுமென்று நூறு மீட்டர் வரை மங்கலாக்கப்பட்டுத்தான் வழங்கப்பட்டது, 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அந்த மங்கல் நீங்கியது. பிறர் விருப்பத்தால் கூர்மையாகவும் மழுக்கமாகவும் ஆகக்கூடிய ஒரு கருவியை நம்பிப் படை நடத்தலாகாது என்பதற்கு இது போதும். 2006-இல் அரசு அனுமதித்து, 2013 ஜூலை முதல் தேதி முதற்கோள் ஏவப்பட்ட நாவிக் என்ற நம் சொந்த ஏற்பாடு, ஏழு கோள்களைக் கொண்டு பாரத தேசத்தையும் அதன் எல்லைக்கு அப்பால் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரையும் தழுவும்படி வகுக்கப்பட்டது. அந்த முதற்கோளில் இருந்த மூன்று அயல்நாட்டு ருபீடியக் கடிகாரங்களும் மூன்றரை ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. பிற கோள்களிலும் கடிகாரங்கள் பழுதாயின. 2017 ஆகஸ்டில் பதிலாக அனுப்பிய கோள், ராக்கெட்டின் மேல்மூடி கழலாததால், அதற்குள்ளேயே அடைபட்டு வீணாயிற்று. ஆமதாபாதில் நம்மவர்களே செய்த ருபீடியக் கடிகாரத்தோடு 2023 மே மாதம் சென்ற கோள் நல்லபடியாக நிலைபெற்றது. ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல் என்று 2025 ஜனவரியில் கொண்டாடப்பட்ட அடுத்த கோளோ, ஒரு வால்வு திறக்காமையால், உரிய வட்டப்பாதையை எட்டவே இல்லை.

2025-ஆம் ஆண்டின் நடுவில் அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த விடையின்படி, அதுவரை ஏவிய பதினொரு நாவிக் கோள்களில் இடங்காட்டும் வேலையைச் செய்துகொண்டிருந்தவை நான்கு. இடத்தை நிர்ணயிக்கக் குறைந்தபட்சம் எத்தனை வேண்டுமோ அத்தனையே; ஒன்றின் கடிகாரம் நின்றாலும் மற்ற மூன்றைக் கொண்டு விமானமோ குண்டோ தன் இடத்தைத் தனியே கணக்கிட இயலாது. கோளைச் சுட்டு வீழ்த்திய நாளில் தேசம் முழுவதும் தொலைக்காட்சியின் முன் கூடியது. கடிகாரங்கள் நின்றபோது பத்திரிகைகளின் உட்பக்கத்தில் நாலு வரி வந்தது. இதே வரிசையில் இன்னும் மூன்று கோள்கள் போக வேண்டியிருக்கிறது. அவற்றுக்குரிய பணமும் ஆட்களும் தேதியும், புதிய சண்டை விமானங்களை வாங்கும் பேரம் பற்றி எழும் கேள்விகளோடு கூடவே, அதே நாடாளுமன்றத்தில், அதே கண்டிப்போடு கேட்கப்பட வேண்டும்.